தென்னாப்பிரிக்கக் கணினியில் எக்செல் ஃபார்முலா: புதியவர்களுக்கு ஒரு கைவழிகாட்டி

விரிதாளில் தவறு இரண்டு விதமாக வரும். ஒன்று, செல்லில் (அதாவது தாளின் ஒரு கட்டத்தில்) #நேம்?, #வேல்யூ! என்று கத்தும். அது கண்ணில் பட்டுவிடும், திருத்திவிடலாம். மற்றது வாயே திறக்காது. கூட்டுத்தொகை ஒழுங்காகத்தான் நிற்கும். ஆனால் நாலு ரசீதுகள் அதில் சேர்ந்திருக்காது. டர்பனில் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ கோயில் கமிட்டிக் கணக்கையும் கடைக் கணக்கையும் தமிழ்ப் பள்ளிக் கட்டணத்தையும் புதிதாக எக்செல்லில் ஏற்றுகிறவர்களை இந்த இரண்டாவது வகைதான் பிடிக்கிறது.

அதற்கு இந்த நாட்டுக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. விண்டோஸில் 'இங்கிலீஷ் (சவுத் ஆப்பிரிக்கா)' என்ற வட்டாரத்தைத் தேர்ந்தால், தசமத்துக்குப் புள்ளி கிடையாது; காற்புள்ளிதான். ஆயிரத்தைப் பிரிக்க ஓர் இடைவெளி. ஃபார்முலாவுக்குள் ஒன்றையும் அடுத்ததையும் பிரிக்க அரைப்புள்ளி. தேதி, ஆண்டு முதலில் வரும்படி 2025/01/14. நாமோ ரசீதுப் புத்தகத்தில் 12.50 என்று புள்ளி வைத்தே எழுதிப் பழகியவர்கள். இணையத்தில் கிடைக்கும் பாடங்களும் பெரும்பாலும் அமெரிக்க வழக்கில், புள்ளியும் காற்புள்ளியுமாக இருக்கின்றன. பாதிச் சிக்கல் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

படிக்கும் முன் ஒரு சொல்: இந்தக் கட்டுரையில் ஃபார்முலாக்களைத் தமிழ் எழுத்தில் காட்டியிருக்கிறோம். ஏ, பி, சி என்பவை நெடுவரிசைகளின் பெயர்கள். பி2 என்றால் பி நெடுவரிசையில் இரண்டாம் வரிசையில் உள்ள செல். சம், ரவுண்ட், இஃப் என்பவை ஃபங்ஷன்கள், அதாவது எக்செல் ஆயத்தமாக வைத்திருக்கும் கணக்குகள். செல்லில் அடிக்கும்போது இவை எல்லாம் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். தமிழ்க் கீபோர்டு இயங்கிக்கொண்டிருக்கும்போதே =சம் என்று அடித்துவிட்டு #நேம்? வாங்குவது அடிக்கடி நடக்கிற ஒன்று. விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் கீபோர்டு மாறும்.

முதலில், கணினி எப்படிப் படிக்கிறது?

வெற்றுத் தாளைத் திறந்து ஒரு செல்லில் 12.5 என்று அடித்து என்டர் தட்டுங்கள். எண் வலப்பக்கம் ஒட்டினால் உங்கள் கணினி புள்ளியைத் தசமமாக எடுத்துக்கொள்கிறது. இடப்பக்கம் ஒட்டினால் அதைப் பொறுத்தவரை நீங்கள் அடித்தது எண்ணே அல்ல, வெறும் எழுத்து. தசமத்துக்கு அது எதிர்பார்ப்பது காற்புள்ளி. இந்தச் சோதனையை எழுத்து வரிசைக்கு அருகில் உள்ள புள்ளி விசையால் செய்யுங்கள். கீபோர்டின் வலது ஓரத்து எண்பலகையில் உள்ள புள்ளி விசையை எக்செல் தானாகவே வட்டாரத்துத் தசமக் குறியாக மாற்றிப் போட்டுவிடும். அதனால்தான் ஒரே தாளில் எண்பலகையில் அடித்தவை எண்ணாகவும், எழுத்து வரிசைப் புள்ளியால் அடித்தவை எழுத்தாகவும் கலந்து கிடக்கின்றன.

அடுத்து, =சம்( வரை அடித்துவிட்டு நிறுத்துங்கள். கீழே சிறு குறிப்புப் பெட்டி தோன்றும். அதில் நம்பர்1, நம்பர்2 இரண்டுக்கும் நடுவில் இருப்பது காற்புள்ளியா அரைப்புள்ளியா? எது இருக்கிறதோ அதுதான் உங்கள் கணினியின் பிரிப்பான். பார்த்துவிட்டு எஸ்கேப் தட்டி வெளியே வாருங்கள்.

இரண்டையும் அறிந்த பிறகு, அப்படியே விடுவதா மாற்றுவதா என்று ஒரு முடிவு எடுங்கள். வங்கி அறிக்கையும் ரசீதுகளும் புள்ளியோடு வருகின்றன என்றால் மாற்றிவிடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. கணக்கைத் தொடும் எல்லாருடைய கணினியிலும் ஒன்றுபோல மாற்றினால்தான் பயன். வழி இது: கண்ட்ரோல் பேனலில் ரீஜன், அதில் அடிஷனல் செட்டிங்ஸ். நம்பர்ஸ் பக்கத்தில் டெசிமல் சிம்பல் என்ற இடத்தில் புள்ளி, டிஜிட் குரூப்பிங் சிம்பல் என்ற இடத்தில் இடைவெளி அல்லது காற்புள்ளி, லிஸ்ட் செபரேட்டர் என்ற இடத்தில் காற்புள்ளி. கரன்சி பக்கத்தில் தனியாக இன்னொரு டெசிமல் சிம்பல் இருக்கிறது. பலர் அதை விட்டுவிடுகிறார்கள், அதையும் மாற்றுங்கள். பிறகு எக்செல்லை முழுவதும் மூடித் திறக்க வேண்டும். வேறு கணக்கு மென்பொருள் அதே கணினியில் ஓடினால் அதுவும் இந்த மாற்றத்தை எடுத்துக்கொள்ளக்கூடும். ஒரு முறை சரிபாருங்கள். பின்னொரு நாள் யாராவது வட்டார அமைப்பில் தென்னாப்பிரிக்காவை மறுபடி தேர்ந்தெடுத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

எக்செல்லில் மட்டும் மாற்றவும் முடியும்: ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, அங்கே 'யூஸ் சிஸ்டம் செபரேட்டர்ஸ்' என்ற கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிட்டுத் தசமத்துக்குப் புள்ளி போடுங்கள். இதில் மாறுவது தசமமும் ஆயிரப் பிரிப்பும் மட்டுமே. ஃபார்முலாவுக்குள் அரைப்புள்ளி அப்படியே இருக்கும், ஏனென்றால் அது விண்டோஸிலிருந்து வருகிறது. புள்ளியும் அரைப்புள்ளியும் சேர்ந்த இந்தக் கலவை விசித்திரமாகத் தெரிந்தாலும் வேலைக்கு ஆகும்.

கூகிள் ஷீட்ஸில் இந்த அமைப்பு கணினியைச் சேர்ந்ததல்ல, கோப்பைச் சேர்ந்தது. ஃபைல், செட்டிங்ஸ், லொகேல் என்று போய்ப் பாருங்கள். அங்கே பிரிப்பானாக அரைப்புள்ளியை எந்த வட்டாரத்திலும் அடிக்கலாம், ஏற்றுக்கொள்ளும். லிப்ரே ஆபிஸ் கால்க்கில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், அதில் கால்க்கின் ஃபார்முலா பக்கத்தில் பிரிப்பான்களைக் காணலாம்.

ஒரு பயம் வேண்டாம். அரைப்புள்ளியோடு எழுதிய கோப்பை ஜொகன்னஸ்பர்க்கில் உள்ள மகளுக்கு அனுப்பி, அவள் கணினி காற்புள்ளிக் கணினியாக இருந்தாலும் ஃபார்முலா உடையாது. கோப்புக்குள் எக்செல் ஒரு பொதுவான வடிவில்தான் சேமிக்கிறது. திறக்கிற கணினிக்கு ஏற்பக் காட்டுகிறது. ஆனால் அதே ஃபார்முலாவை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பினால் யாரும் மாற்றித் தரமாட்டார்கள். மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதும் மாறாது. ">12,5" என்று நிபந்தனையில் எழுதியதும், டெக்ஸ்ட் ஃபங்ஷனில் "0,00" என்று கொடுத்த வடிவமும் புள்ளிக் கணினியில் வேறு பொருள் தரும். பின்னதில் தசமமே காணாமல் போகும். நிபந்தனைக்கு உரிய எண்ணை ஒரு செல்லில் வைத்து ">"&எஃப்1 என்று எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

இனி வரும் உதாரணங்கள் எல்லாம் மாற்றப்படாத கணினிக்கு உரியவை: தசமம் காற்புள்ளி, பிரிப்பான் அரைப்புள்ளி.

அடிக்கும்போது

ஃபார்முலா = குறியில் தொடங்குகிறது. + அல்லது - குறியில் தொடங்கினாலும் எக்செல் அதை ஃபார்முலாவாகவே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் செலவுப் பட்டியலில் "-பூ, மாலை" என்று கோடு போட்டு எழுதினால் பிழை வருகிறது. எழுத்தாகவே நிற்க வேண்டியதற்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ' போடுங்கள். அது செல்லில் தெரியாது.

பெருக்கலுக்கு *, வகுத்தலுக்கு /. ஆயிரத்துக்கு நடுவே இடைவெளி விட்டு =1 250*2 என்று அடித்தால் எக்செல் ஏற்காது. ராண்ட் குறியையும் உள்ளே போட வேண்டாம். 1250 என்று வெறும் எண்ணாக அடித்துவிட்டு, தோற்றத்தை ஃபார்மட் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு செல்களுக்கு நடுவே இடைவெளி மட்டும் இருந்தால் எக்செல் அதை வேறு ஒரு செயலாக, இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடமாக, எடுத்துக்கொள்கிறது: =சம்(பி2 பி10) என்பதற்கு #நல்! வரும். தொடர்ச்சியாகக் கூட்ட வேண்டுமானால் முக்காற்புள்ளி, =சம்(பி2:பி10). இரண்டை மட்டும் கூட்ட அரைப்புள்ளி, =சம்(பி2;பி10).

காற்புள்ளியைத் தவறாகப் போட்டால் பெரும்பாலும் 'ஃபார்முலாவில் சிக்கல்' என்று எக்செல் தடுத்துவிடும். =ரவுண்ட்(பி2,2) அப்படித்தான் தடுக்கப்படும். தடுக்காத இடம்தான் ஆபத்து. =சம்(100,50) என்று அடித்தால் 150 வராது, 100,5 வரும். நூறும் ஐம்பதும் என்று நீங்கள் நினைத்தது, அதற்கு நூற்று அரை. எதிர்ப்பக்கமும் இதேதான்: புள்ளிக் கணினியில் ஒன்றேகால் கிலோ நெய்யை 1,250 என்று அடித்தால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது கிலோ நெய் வந்து சேரும்.

எழுதி முடித்ததும் வேறு செல்லைக் கிளிக் செய்து 'வெளியே வர' முயலாதீர்கள். ஃபார்முலா நடுவில் இருக்கும்போது கிளிக் செய்தால் அந்தச் செல்லின் முகவரி ஃபார்முலாவில் ஏறிவிடும். முடிக்க என்டர், கைவிட எஸ்கேப். அம்பு விசைகளும் இப்படியே குழப்பும். எழுத்தைத் திருத்த இடப்பக்க அம்பைத் தட்டினால் கர்சர் நகராமல் பக்கத்துச் செல்லின் பெயர் வந்து உட்காரும். எக்செல்லின் இடது அடிமூலையைப் பாருங்கள்: என்டர், எடிட், பாயிண்ட் என்று மூன்றில் ஒரு சொல் இருக்கும். எடிட் என்று இருந்தால் அம்பு விசை எழுத்துக்குள் நகரும். மற்ற இரண்டிலும் செல்லைத் தேர்ந்தெடுக்கும். எஃப்2 விசை இவற்றுக்கு இடையே மாற்றும். சிறிய மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

ஃபங்ஷன் பெயரின் முதல் இரண்டு எழுத்து அடித்ததும் பட்டியல் விழும். அம்பால் தேர்ந்து டேப் அழுத்துங்கள். என்டர் அழுத்தினால் அரைகுறைப் பெயரோடு ஃபார்முலா முடிந்து #நேம்? வரும். எப்போதும் ஆங்கிலச் சிறிய எழுத்திலேயே அடிப்பது நல்ல பழக்கம். பெயர் சரியாக இருந்தால் என்டர் தட்டியதும் எக்செல் அதைப் பெரிய எழுத்தாக மாற்றும். சிறிய எழுத்தாகவே நின்றால் எழுத்துப்பிழை அங்கேதான்.

எழுத்தை நிபந்தனையாகக் கொடுக்கும்போது இரட்டை மேற்கோள் வேண்டும்: =சம்இஃப்(ஏ2:ஏ60;"பூ";பி2:பி60). மேற்கோள் இல்லாவிட்டால் பூ என்ற பெயரில் ஏதோ இருக்கிறது என்று தேடிப்போய் #நேம்? என்று திரும்பும். வாட்ஸ்அப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ ஒட்டினால் வளைந்த மேற்கோள் குறிகள் வந்துவிடும், அவையும் உதவாது. அவற்றை அழித்து நேரான குறியைக் கையால் அடியுங்கள். தலைப்பில் 'பூ' என்றும் 'பூ ' என்று பின்னால் ஓர் இடைவெளியோடும் இருந்தால் எக்செல்லுக்கு அவை இரண்டு வேறு பொருள்கள், கூட்டு குறையும். இதைத் தடுக்க டேட்டா, டேட்டா வேலிடேஷன், லிஸ்ட் என்று போய் அங்கே பூ;பால்;தேங்காய்;கற்பூரம் என்று ஒரு பட்டியல் கொடுத்துவிடுங்கள். இதற்கும் அரைப்புள்ளிதான். காற்புள்ளி போட்டால் நான்கும் ஒட்டி ஒரே நீண்ட பெயராக வரும்.

ஃபார்முலா கணக்கிடாமல் எழுத்தாகவே நின்றால்

மூன்று காரணங்கள். = குறிக்கு முன்னால் ஓர் இடைவெளியோ ஒற்றை மேற்கோளோ இருக்கலாம். அல்லது அந்தச் செல்லின் ஃபார்மட் டெக்ஸ்ட் என்று இருக்கலாம். ஹோம் பக்கத்தில் ஜெனரல் என்று மாற்றினால் மட்டும் போதாது, மாற்றிய பின் எஃப்2 அழுத்தி என்டர் தட்ட வேண்டும். அப்போதுதான் மறுபடி படிக்கும். ஒரு நெடுவரிசை முழுக்க இப்படி என்றால் அதைத் தேர்ந்து டேட்டா, டெக்ஸ்ட் டு காலம்ஸ், உடனே ஃபினிஷ். மூன்றாவது, தாள் முழுவதும் ஃபார்முலாக்களாகத் தெரிந்தால், யாரோ கண்ட்ரோலுடன் எஸ்கேப்புக்குக் கீழே உள்ள விசையை அழுத்தியிருக்கிறார்கள். மறுபடி அழுத்தினால் சரியாகும்.

எண் போல் நடிக்கும் எழுத்து

முதலில் சொன்ன வாய் திறக்காத தவறு இதுதான். பி2 முதல் பி40 வரை தைப்பூசக் காவடி நன்கொடைகள். முப்பத்தொன்பது வரிகளில் ஐந்து, 150.00 என்று புள்ளியோடு அடிக்கப்பட்டவை. =சம்(பி2:பி40) எந்தப் பிழையும் காட்டாது. சம் எழுத்துகளைப் பேசாமல் தாண்டிவிடும், 750 ராண்ட் குறையும். வேறு எழுத்து-எண்களுக்குச் செல்லின் மூலையில் பச்சை முக்கோணம் வரும். இங்கே அதுவும் வராது. காற்புள்ளிக் கணினியின் கண்ணுக்கு 150.00 எண்ணாக ஆகக்கூடியதாகவே தெரியவில்லையே! இதற்கு மாறாக =பி2+பி3 என்று + போட்டால் அத்தகைய செல்லில் முட்டி #வேல்யூ! வரும். சந்தேகம் வந்தால் + போட்டுப் பார்ப்பது ஒரு வழி.

நேரான வழி எண்ணிப் பார்ப்பது. =கவுண்ட்(பி2:பி40) எண்களை மட்டும் எண்ணும். =கவுண்ட்ஏ(பி2:பி40) வெறுமையாக இல்லாத அனைத்தையும் எண்ணும். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் வித்தியாசம் எத்தனையோ அத்தனை செல்கள் எழுத்து. இந்த இரண்டையும் கூட்டுத்தொகைக்கு அடியில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். இடம் அடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். செல்களுக்கு நடு சீரமைப்பும் கொடுக்காதீர்கள். எண் வலம், எழுத்து இடம் என்ற இலவச எச்சரிக்கை அதோடு போய்விடும்.

திருத்த: அந்த நெடுவரிசையை மட்டும் தேர்ந்து டேட்டா, டெக்ஸ்ட் டு காலம்ஸ், மூன்றாவது படி வரை நெக்ஸ்ட், அங்கே அட்வான்ஸ்டு பொத்தான். டெசிமல் செபரேட்டர் புள்ளி என்றும் தவுசண்ட்ஸ் செபரேட்டர் காற்புள்ளி என்றும் கொடுத்து ஃபினிஷ். ஃபார்முலாவாக வேண்டுமானால் =நம்பர்வேல்யூ(பி2;".";","), இது 2013 முதல் வந்த எக்செல்களில் உண்டு. ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸில் புள்ளியைக் காற்புள்ளியாக மாற்றலாம்தான், ஆனால் நெடுவரிசையைத் தேர்ந்தெடுக்க மறந்தால் தாளில் உள்ள ஒவ்வொரு புள்ளியும், பெயருக்கு முன் உள்ள தலைப்பெழுத்தின் புள்ளி உட்பட, மாறிவிடும்.

வங்கியிலிருந்து இறக்கிய சிஎஸ்வி கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள். பிரிப்பான் அரைப்புள்ளி என்று நம்பும் எக்செல், காற்புள்ளியால் பிரிந்த கோப்பை முழுதாக ஏ நெடுவரிசையில் கொட்டும். டேட்டா பக்கத்தில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகத் திறந்து, டெலிமிட்டர் என்ற இடத்தில் காற்புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். கோப்பில் தமிழ் இருந்தால் ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001, அதாவது யூடிஎஃப்-8. இல்லாவிட்டால் தமிழ் உருக்குலைந்து வரும். எண்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு தனி வகை இடைவெளி ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. டிரிம் ஃபங்ஷன் அதை நீக்காது. =சப்ஸ்டிட்யூட்(பி2;கேர்(160);"") நீக்கும். வருவது இன்னும் எழுத்துதான் என்பதால் அதையே நம்பர்வேல்யூவுக்குள் வைத்துவிடுங்கள்.

வாட் (மதிப்புக்கூட்டு வரி) கணக்கு

சதவீதத்தில் எக்செல்லும் மேசைக் கால்குலேட்டரும் ஒன்றல்ல. கால்குலேட்டரில் 200 + 15 % என்று தட்டினால் பெரும்பாலானவற்றில் 230 வரும். எக்செல்லில் =200+15% என்பது 200,15. ஏனென்றால் அதற்கு 15% என்பது 0,15 என்ற எண் மட்டுமே, எதன் பதினைந்து சதவீதம் என்று அது கேட்பதில்லை. சரியானது =பி2*(1+15%).

வரி சேர்ந்த விலையிலிருந்து வரியைப் பிரிப்பதில் இன்னும் அதிகம் பேர் இடறுகிறார்கள். ரசீதில் 230 ராண்ட் இருந்தால் அதன் 15% ஆகிய 34,50 வாட் அல்ல. அசல் 200, வாட் 30. ஃபார்முலா =பி2*15/115.

ஆனால் 15 என்ற எண்ணை ஃபார்முலாக்களுக்குள் எழுதாதீர்கள். இந்த நாட்டில் வாட் 1993 முதல் 14 சதவீதமாக இருந்து, 2018 ஏப்ரல் 1 அன்று 15 ஆனது. 2025 மே 1 முதல் 15,5 ஆக்கப்படும் என்று அறிவித்து, ஏப்ரல் கடைசியில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்தச் சில வாரங்களில் நூறு செல்களில் 15ஐத் தேடி மாற்றியவர்கள் மறுபடி நூறு செல்களில் மாற்ற வேண்டியிருந்தது. எஃப்1 செல்லில் 15% என்று ஒரே இடத்தில் வைத்து, =பி2*$எஃப்$1/(1+$எஃப்$1) என்று எழுதுங்கள்.

இங்கே டாலர் குறிக்குப் பணத்தோடு தொடர்பில்லை. ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது பி2 என்பது பி3, பி4 என்று தானாக நகரும். அதுதான் நமக்கு வேண்டும். எஃப்1 நகரக்கூடாது, நகர்ந்தால் எஃப்2 என்ற வெற்றுச் செல்லால் பெருக்கி வாட் பூஜ்யம் என்று வரும். $ அதைக் கட்டிப்போடுகிறது. கர்சர் எஃப்1 மேல் இருக்கும்போது எஃப்4 விசை தட்டினால் இரண்டு டாலரும் வந்துவிடும். மறுபடி தட்டினால் ஒன்றொன்றாக மாறும். மேக் கணினியில் கமாண்டுடன் டி (டெக்ஸ்ட் என்பதன் முதல் ஆங்கில எழுத்து).

பலசரக்குக் கடைக்காரர்களுக்கு எல்லாப் பொருளுக்கும் ஒரே விகிதம் ஆகாது. அரிசி, பருப்பு, பால், முட்டை, காய்கறி, சமையல் எண்ணெய் போன்றவை பூஜ்ய விகிதத்தில் இருக்கின்றன. கற்பூரத்துக்கும் ஊதுபத்திக்கும் 15. எனவே சி நெடுவரிசையில் 0 அல்லது 1 என்று குறித்து, =இஃப்(சி2=1;ரவுண்ட்(பி2*$எஃப்$1/(1+$எஃப்$1);2);0) என்று போடுங்கள். ஆரம்பத்தில் நீளமாகத் தெரியும், ஒரு தரம் அடித்துக் கீழே இழுத்துவிட்டால் முடிந்தது.

அந்த ரவுண்ட் எதற்கு? செல்லில் இரண்டு தசமம் காட்டச் சொல்வது தோற்றத்தை மட்டும்தான் மாற்றுகிறது, உள்ளே எண் தன் எல்லாத் தசமங்களோடும் அப்படியே கிடக்கிறது. 10 ராண்ட் பொருள் மூன்று. ஒவ்வொன்றிலும் வாட் 1,304347... திரையில் 1,30 என்று மூன்று முறை தெரியும், கூட்டினாலோ 3,91 வரும். கையால் கூட்டுகிற தணிக்கையாளர் 3,90 என்பார். இருவரும் சண்டை போடுவதைவிட ஒவ்வொரு வரியிலும் ரவுண்ட் போடுவது மேல்.

ரொக்கத்துக்கு இன்னொரு வட்டமும் உண்டு. 1, 2 சென்ட் நாணயங்கள் 2002இலும் 5 சென்ட் 2012இலும் அச்சடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதனால் கடைகளில் ரொக்கத் தொகை வாடிக்கையாளருக்குச் சாதகமாகப் பத்து சென்ட்டுக்குக் கீழே இறக்கப்படுகிறது: =ரவுண்ட்டவுன்(பி20;1). மொத்தத்தில் ஒரே முறை இதைச் செய்யுங்கள், வரிதோறும் வேண்டாம். அட்டையில் கட்டுகிறவருக்கு இது பொருந்தாது.

தசமக் கணக்கில் கணினியின் ஒரு பழைய குணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். =1*(0,5-0,4-0,1) என்று அடித்துப் பாருங்கள். பூஜ்யம் வராது, கண்ணுக்கே எட்டாத ஒரு சின்ன மைனஸ் எண் வரும். இரும எண்களில் 0,1ஐத் துல்லியமாக எழுத முடியாததால் வரும் எச்சம் அது. கையிருப்பு பூஜ்யமா என்று =இஃப்(டி2=0;...) போட்டுச் சரிபார்க்கும்போது இது காலை வாரும். ரவுண்ட்(டி2;2)=0 என்று கேளுங்கள்.

வரிசை சேர்ப்பதும் நீக்குவதும்

பி11 இல் =சம்(பி2:பி10) இருக்கிறது. கூட்டுக்குச் சற்று மேலே புது வரிசை ஒன்றைச் செருகினால் அது பி10க்கு வெளியே விழும், கூட்டில் சேராமல் போகலாம். சில நேரம் எக்செல் தானாக விரித்துக்கொள்ளும், சில நேரம் இல்லை. அந்தச் சில நேரத்தை நம்பவேண்டாம். கடைசி விவரத்துக்கும் கூட்டுக்கும் நடுவே வெற்று வரிசை ஒன்றைச் சாம்பல் நிறமிட்டு விட்டு, அதையும் சேர்த்துக் கூட்டுங்கள். புதிய வரிசைகளை எப்போதும் அந்தச் சாம்பல் வரிசைக்கு மேலே செருகுங்கள்.

கூட்டு இருக்கும் செல்லையே கூட்டுக்குள் சேர்த்துவிட்டால் 'சர்க்குலர் ரெஃபரன்ஸ்' எச்சரிக்கை வரும். படிக்காமல் ஓகே தட்டினால் 0 நிற்கும். ஃபார்முலா நம்பியிருந்த வரிசையை நீக்கினால் #ரெஃப்!. உடனே கண்ட்ரோல் இசட் அடியுங்கள், சேமித்து மூடிவிட்டால் இப்படி மீட்க முடியாது. ##### என்று வந்தால் பெரும்பாலும் பிழையல்ல, நெடுவரிசை குறுகல், அகலப்படுத்துங்கள்.

தேதி, தொலைபேசி, அடையாள எண்

செல்லில் வெறுமனே 1/2 என்று அடித்தால் அரை வராது, ஒரு தேதி வரும். அரைக்கு =1/2. அதேபோல ஃபார்முலாவுக்குள் பொங்கலை 2025/01/14 என்று எழுதினால் அது வகுத்தல், விடை 144,64. =டேட்(2025;1;14) என்று எழுத வேண்டும். இந்த டேட்டில் ஒரு வசதி: நாளுக்கு 0 கொடுத்தால் முந்திய மாதத்தின் கடைசி நாள். தனிநபர் வரி ஆண்டு பிப்ரவரி கடைசியில் முடிவதால் =டேட்(2028;3;0) என்று போட்டுவிட்டால் 29ஆ 28ஆ என்று நாம் பார்க்க வேண்டாம்.

டர்பன் எண்ணை 031 என்று தொடங்கி அடித்தால் முன் பூஜ்யம் போய்விடும். +27 என்று அடித்தால் கூட்டல் குறி போய்விடும். பதின்மூன்று இலக்க அடையாள எண் பிறந்த தேதியில் தொடங்குவதால் 2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளின் எண்கள் பூஜ்யத்தில் தொடங்கும், அதுவும் விழுங்கப்படும். மற்றவர்களுடையது 8,50101இ+12 போன்ற வடிவில் சுருங்கித் தெரியும். எக்செல் ஓர் எண்ணில் பதினைந்து இலக்கங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாது. பதினாறு இலக்க அட்டை எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும், திரும்பாது. இவை எதையும் நாம் கூட்டப்போவதில்லை. ஆகவே அடிக்கும் முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஃபார்மட்டுக்கு மாற்றுங்கள். அடித்த பின் மாற்றினால் போன பூஜ்யம் வராது. தமிழ்ப் பள்ளிப் பதிவேட்டில் அடையாள எண் உண்மையிலேயே தேவையா என்றும் ஒரு தரம் யோசியுங்கள். தனிநபர் விவரங்களுக்கான போப்பியா சட்டத்தை 2021 ஜூலை 1 முதல் சிறிய அமைப்புகளும் கடைப்பிடிக்க வேண்டும்.

எண்ணை மாற்றினாலும் விடை மாறாவிட்டால்

ஃபார்முலாஸ் பக்கத்தில் கால்குலேஷன் ஆப்ஷன்ஸ் மேனுவல் என்று இருக்கும். ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். இது எப்படி மாறியது என்று யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், பெரும்பாலும் யாரும் மாற்றியிருக்கவும் மாட்டார்கள்: அன்று முதலில் திறந்த கோப்பு மேனுவலில் சேமிக்கப்பட்டிருந்தால், அதன் பின் திறக்கும் எல்லாக் கோப்புகளும் அதைப் பின்பற்றும். வேறொருவர் அனுப்பிய கோப்பைக் காலையில் முதலில் திறக்கும் பழக்கம் இருந்தால் இந்த இடத்தை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். உடனடியாக ஒரு முறை கணக்கிட எஃப்9 போதும்.